அடுப்போடு போராடிய குட்இயர்

டயர் ஓரத்தில் குட்இயர் என்ற பெயரை எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான சார்ல்ஸ் குட்இயர் ஒரு கார் டயரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் இறந்தது 1860இல். கம்பெனி தொடங்கியது 1898இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், ஃபிராங்க் சைபர்லிங் என்பவரால். அவருக்கும் குட்இயர் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மரியாதைக்காக வைத்த பெயர், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி ஒரே ஒரு வரி படிச்சிருப்போம். கந்தகம் கலந்த ரப்பர் தவறிப்போய் அடுப்பில் விழுந்தது, வல்கனைசேஷன் பிறந்தது. இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் ரப்பர் அடுப்பில் பட்டது 1839இல், அவருக்குப் பேடன்ட் கிடைத்தது 1844இல். நடுவில் ஐந்து வருஷம் இருக்கு. எல்லாமே தற்செயலாக நடந்தது என்றால் அந்த ஐந்து வருஷம் மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார்? சூட்டை ஒரே அளவில், எல்லா இடத்திலும், வேண்டிய நேரம் வரைக்கும் பிடித்து வைக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்.

ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு ஐ.வி. போனவங்க இதைக் கவனிச்சிருக்கலாம். சில இடங்களில் பிரஸ் பக்கத்தில் சின்ன பீரோ மாதிரி ஒரு பெட்டி நிற்கும். உள்ளே பம்ப் சத்தம் கேட்கும், துணி சுற்றிய தடித்த குழாய்கள் இரண்டு வெளியே போகும், முகப்பில் சிவப்பு எண்கள் எரியும். அதுதான் ஹாட் ஆயில் யூனிட். குட்இயர் தேடியதை இன்றைக்கு அந்தப் பெட்டி செய்கிறது. அதனால் இவர் கதையைச் சொல்லும்போது நடுவில் அந்தப் பெட்டியையும் கொஞ்சம் திறந்து பார்க்கப் போகிறோம்.

குட்இயர் 1800 டிசம்பர் 29 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். அப்பா அமாசா, இரும்புச் சாமான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். 1824இல் கிளாரிசா பீச்சரோடு கல்யாணம். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஹார்ட்வேர் கடை. 1830 வாக்கில் கடை திவால். அந்தக் காலத்து அமெரிக்காவில் கடனைக் கட்டாவிட்டால் ஜெயில், அதனால் இவர் வாழ்க்கையில் ஜெயில் வந்து போய்க்கொண்டே இருக்கும்.

1834இல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனியின் கடைக்குள் நுழைகிறார். அங்கே இருந்த மிதவை உறையின் காற்று வால்வு சரியில்லை என்று அவருக்குப் பட்டது. அதைவிட நல்ல வால்வு ஒன்று செய்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். கடைக்காரர் சொன்ன விஷயம் வேற. பிரச்சினை வால்வு இல்லை, ரப்பரே பிரச்சினை. கோடை வந்ததும் விற்ற சரக்கெல்லாம் உருகிப் பிசுபிசுத்து, நாற்றத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரங்க குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாங்க. குளிர்காலத்தில் நேர் எதிர்: ரப்பர் கல் மாதிரி விறைத்து வெடிக்கும்.

ஏன் அப்படி? ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறு நூல்கள். ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்குமே தவிர, முடிச்சு கிடையாது. சூடானால் நூல்கள் ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும், குளிர்ந்தால் விறைக்கும். இது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குட்இயருக்கு வேதியியலும் தெரியாது. படித்தவரும் இல்லை, பணக்காரரும் இல்லை. ஆனால் இதை நான்தான் தீர்க்கணும் என்று ஒரு வெறி பிடித்துவிட்டது.

ஃபிலடெல்ஃபியாவில் கடனுக்காக உள்ளே இருந்தபோதே ரப்பரையும் மனைவியின் பூரிக்கட்டையையும் வரவழைத்து, ஜெயிலிலேயே பிசைய ஆரம்பித்தார். முதலில் மக்னீசியா பவுடர் கலந்து பார்த்தார். வெள்ளையாக, பளபளப்பாக வந்தது, வெயில் வந்ததும் பழையபடி இளகிப்போனது. அடுத்து சுண்ணாம்பு. அதுவும் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள், அலங்காரத்துக்காக ரப்பர் மேல் பூசியிருந்த வெண்கலப் பூச்சை நைட்ரிக் அமிலத்தால் எடுக்கப் பார்த்தார். துண்டு கறுத்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டார். அப்புறம் ஏதோ உறுத்த, தேடி எடுத்துத் தொட்டுப் பார்த்தால் மேல்புறம் ஒட்டவில்லை. 1837இல் அதற்கு ஒரு பேடன்ட்டும் வாங்கினார். அதே வருஷம் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வந்து, பணம் போட்டவரும் போனார், தொழிலும் போனது. குடும்பத்தோடு ஸ்டேட்டன் தீவில் ஒரு மூடிய ரப்பர் ஃபேக்டரியில் குடியிருந்த நாட்களும் உண்டு.

அமில முறையை நம்பி அரசாங்கத்துக்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். செய்து முடித்துச் சூடான அறை ஒன்றில் வைத்தார். சில வாரங்களில் பைகள் இளகித் தொங்கிவிட்டன. காரணம் இன்றைக்கு நமக்குச் சுலபமாகப் புரியும்: அமிலம் மேல்தோலை மட்டும்தான் மாற்றியது, உள்ளே இருந்தது பழைய ரப்பரேதான். இந்தத் தோல்வியை மனசில் வச்சுக்கோங்க. மேலே சரி, உள்ளே சரியில்லை என்ற சிக்கல் மறுபடியும் வரும்.

மாசசூசெட்ஸில் வோபர்ன் என்ற ஊரில் நத்தானியேல் ஹேவர்டைச் சந்தித்தது திருப்புமுனை. ரப்பரில் கந்தகத்தைக் கலந்து வெயிலில் காயவைத்தால் ஒட்டுவது குறைகிறது என்று கண்டுபிடித்தவர் ஹேவர்ட். குட்இயர் அவருடைய உரிமையை வாங்கிக்கொண்டார். கந்தகம் என்ற யோசனை குட்இயருடையது இல்லை என்பதை நம்ம பாடப்புத்தகங்கள் ஏனோ சொல்வதே இல்லை.

1839 குளிர்காலத்தில் அந்த அடுப்புச் சம்பவம். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. கடையில் நடந்தது, வீட்டில் நடந்தது என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க, அது முக்கியமில்லை. உருகி ஓடியிருக்க வேண்டிய ரப்பர் உருகவில்லை, தோல் மாதிரி கருகியது. அங்கேயிருந்த மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. குட்இயர் மட்டும் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகச் சூடு பட்ட இடம் கரி. சூடு படாத இடம் பழைய ரப்பர். இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு ஓரம், அது கரியும் இல்லை, பிசினும் இல்லை. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பியது. அந்தத் துண்டை ராத்திரி வெளியே கடுங்குளிரில் ஆணியடித்து வைத்தார். காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தால் விறைக்கவே இல்லை.

அவர் கையில் கிடைத்தது ஒரு பொருள் மட்டும் இல்லை, ஒரு வரைபடமும்தான். அந்தச் சின்னத் துண்டு முழுக்க வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறியிருந்தது. எங்கேயோ ஒரு கோட்டில் மட்டும் சரியான சூடு. அந்தக் கோட்டை ஒரு முழுத் துணி அளவுக்கு விரிப்பது எப்படி? அந்தக் கோட்டில் எத்தனை டிகிரி இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது? பின்னாளில் எழுதிய புத்தகத்தில் இதை வெறும் தற்செயல் என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. நியூட்டன் முன்னால் ஆப்பிள் விழுந்த மாதிரிதான் என்று எழுதினார்.

அடுத்த சில வருஷங்கள் இவர் சூட்டுக்காக அலைந்த அலைச்சல்தான் எனக்குப் பிடித்த பகுதி. மனைவி ரொட்டி சுட்ட பிறகு அதே அடுப்பில் ரப்பரை வைத்தார். கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் பிடித்தார். சூடான மணலுக்குள் புதைத்தார். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். கணப்பின் முன்னால் வாட்டினார். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்த பிறகு அடுப்பைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டார். ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் அதே கலவை, அதே அடுப்பு, ஆனால் கொப்புளம். ஒரு மூலை கரி, ஒரு மூலை பச்சை.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கெட்டிலின் நீராவி திறந்த காற்றில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, அது போதவில்லை. மணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அடுப்புப் பக்கம் ஒரு சூடு, மேல்பக்கம் ஒரு சூடு. இஸ்திரிப் பெட்டி எடுத்த நொடியிலிருந்து ஆறிக்கொண்டே இருக்கும். எல்லாத்துக்கும் மேல, எஃகோடு ஒப்பிட்டால் ரப்பரின் வெப்பக் கடத்துத்திறன் சில நூறு மடங்கு குறைவு. மேல்தோல் வெந்து கருகும்போது நடுப்பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கும். தபால் பையின் பிரச்சினையே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றார். விறகும் சாப்பாடும் இல்லாத ஒரு குளிர்நாளில் பனிப்புயலில் நடந்தே போய், தெரிந்தவர் ஒருவரிடம் உதவி கேட்டார். ஒரு குழந்தை இறந்தபோது அடக்கம் செய்யக்கூட வீட்டில் காசு இல்லை. விடாமுயற்சி என்று நாம் மேடையில் கைதட்டும் விஷயத்தை கிளாரிசா எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பணம் இருந்த மைத்துனர் வில்லியம் டி ஃபாரஸ்ட் உதவவில்லை என்றால் வேலை பாதியிலேயே நின்றிருக்கும்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் இதுதான்: அழுத்தத்தில் அடைத்த நீராவி, ஏறத்தாழ 270 டிகிரி ஃபாரன்ஹீட், நான்கிலிருந்து ஆறு மணி நேரம். நம்ம கணக்கில் 132 டிகிரி செல்சியஸ். ஸ்டீம் டேபிள் எடுத்துப் பார்த்தால் அதற்குக் காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 2 பார் தேவை. நீராவி ஏன் ஜெயித்தது? மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஒரே அளவாக இருந்தால் வெப்பநிலையும் எல்லா மூலையிலும் ஒரே அளவாக இருக்கும். எங்கே குளிர்ந்த பரப்பு இருக்கிறதோ அங்கே போய் ஆவி தானே படியும், வெப்பத்தைக் கொடுக்கும். ஐந்து வருஷத் தேடலில் அவருக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வெப்பநிலைக் கட்டுப்பாடு அதுதான். அந்தச் சூட்டில் கந்தகம் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் பாலம் போடும். முடிச்சு விழுந்த வலை அதன்பிறகு வழுக்காது, உருகாது.

இதே சமயம் லண்டனில் தாமஸ் ஹேன்காக் வேறொரு வழியில் போனார். அவர் ஏற்கெனவே ரப்பர் தொழிலில் ஊறியவர். 1842 வாக்கில் குட்இயரின் மாதிரித் துண்டுகள் ஸ்டீஃபன் மௌல்டன் மூலமாக இங்கிலாந்துக்குப் போயின. செய்முறை சொல்லப்படவில்லை. துண்டின் மேல் கந்தகப் பொடி பூத்திருந்ததை ஹேன்காக் கவனித்துவிட்டார். ரப்பர் பட்டைகளை உருகிய கந்தகத்துக்குள்ளேயே முக்கி, சூட்டையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கீழ்முனை கறுத்துக் கொம்பு மாதிரி கெட்டியானது. 1843 நவம்பர் 21இல் விண்ணப்பம் போட்டார். குட்இயரின் அமெரிக்கப் பேடன்ட், எண் 3633, 1844 ஜூன் 15இல்தான் வந்தது. இங்கிலாந்தில் உரிமை ஹேன்காக்குக்குப் போய்விட்டது. ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரில் வல்கனைசேஷன் என்று பெயர் வைத்தவரும் ஹேன்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கடன்தான்.

ஹேன்காக்கின் முறையில் ஒரு விஷயம் கவனிங்க. திரவத்தால் சூடேற்றுவது. ஒரு சூடான திரவம் பொருளைச் சுற்றி இருந்தால் வெப்பம் எல்லாப் பக்கமும் போகும். ஆனால் திரவம் அசையாமல் நின்றால் அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு. அவருடைய பட்டையின் கீழ்முனை சொன்ன சேதி அதுதான். திரவத்தை ஓடவிட்டால்? அங்கேதான் நம்ம ஹாட் ஆயில் யூனிட் வருகிறது.

முதல் கேள்வி, ஏன் எண்ணெய்? தண்ணீர் வெப்பத்தைச் சுமப்பதில் கெட்டிக்காரன். எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரில் பாதி அளவுதான், கடத்துத்திறன் இன்னும் மோசம். ஆனால் இன்றைய ரப்பர் அச்சுகள் 150, 170, 180 டிகிரி செல்சியஸில் வேலை செய்கின்றன. 180 டிகிரியில் தண்ணீரோ நீராவியோ வேண்டும் என்றால் ஏறக்குறைய 10 பார் அழுத்தம் தாங்கும் குழாயும் பாய்லரும் வேண்டும். அதற்கென்று தயாரிக்கப்பட்ட எண்ணெய் அதே சூட்டில் அழுத்தமே இல்லாமல் திரவமாக ஓடும். அந்த ஒரே குணத்துக்காக மற்ற எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்கிறோம். டயர் பிரஸ்களில் இன்றைக்கும் நீராவிதான் அதிகம், குட்இயர் வழியேதான். பல தட்டு அச்சுப் பிரஸ் மாதிரி இடங்களில் எண்ணெய் ஓடும்.

பெட்டிக்குள் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பம்ப் எண்ணெயை ஹீட்டர் வழியாகத் தள்ளும். சூடான எண்ணெய் பிரஸ் தட்டுக்குள் துளைத்த பாதைகளில் ஓடி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மற்ற குழாயில் திரும்பி வரும். சூடு அதிகமானால் தண்ணீர்க் குளிரூட்டி வழியாகக் கொஞ்சம் எண்ணெயைத் திருப்பிவிடும். யாரைக் கேட்டாலும் ஹீட்டர்தான் முக்கியம் என்பாங்க. எனக்கென்னவோ பம்ப்தான் ஹீரோ. ஒரு கணக்கு போடுவோம். தட்டு 24 கிலோவாட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் 2.2 கிலோஜூல், ஓட்டம் வினாடிக்கு 2 கிலோ என்று வச்சுக்கோங்க. உள்ளே போகும் எண்ணெய்க்கும் வெளியே வரும் எண்ணெய்க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 5.5 டிகிரி. ஓட்டத்தைப் பாதியாக்கினால் 11 டிகிரி. ரப்பர் வேகும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தோராயமாக இரட்டிப்பாகும். அப்படியென்றால் தட்டின் ஒரு மூலையில் 10 நிமிஷத்தில் வேகும் ரப்பர், எதிர் மூலையில் 20 நிமிஷம் கேட்கும். குட்இயரின் ஒரு மூலை கரி, ஒரு மூலை பச்சை, அப்படியே திரும்பி வந்துவிடும்.

ஓட்டம் குறைந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹீட்டர் கம்பியை ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் மொத்த எண்ணெயைவிட எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் அந்தப் படலம் அடித்துச் செல்லப்படும். மெதுவானால் அங்கேயே நின்று வெந்து, உடைந்து, கரியாகக் கம்பியில் படியும். கரி வெப்பத்தைத் தடுக்கும், கம்பி இன்னும் சூடாகும், இன்னும் கரி. அதனால் ஓட்டம் இல்லை என்றால் ஹீட்டர் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் வைப்பாங்க. சூடானால் எண்ணெய் விரிவடையும் என்பதால் மேலே ஒரு தொட்டி, அது முடிந்தவரை ஆறியே இருக்க வேண்டும், சூடான எண்ணெய் காற்றைத் தொட்டால் கெட்டுப்போகும். முதல் தடவை ஓட்டும்போது 100 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நிதானமாக ஏற்றி, உள்ளே தங்கிய ஈரத்தை ஆவியாக வெளியே விடுவாங்க. எண்ணெய்க்குள் ஒரு குவளைத் தண்ணீர் திடீரென்று ஆவியானால் என்ன ஆகும் என்று தாளிக்கும்போது தண்ணீர் பட்ட கடாயைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சிவப்பு எண்ணைக் காட்டுவது கன்ட்ரோலர். இஸ்திரிப் பெட்டி டிக் என்று நின்று, ஆறினதும் டிக் என்று எரியும், சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே அது ஆகாது. பி.ஐ.டி. கன்ட்ரோலர் மூன்று விஷயம் பார்க்கிறது: இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், இதுவரை எவ்வளவு பிழை சேர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறோம். அதை வைத்து ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று முடிவு செய்யும். ஒரு சூட்சுமம் இருக்கு. பெட்டியில் தெரிவது எண்ணெயின் சூடு, ரப்பரின் சூடு இல்லை. அச்சு எப்போதும் சில டிகிரி பின்னால்தான் வரும். அதனால் அச்சிலேயே இன்னொரு சென்சார் வைத்து, அதைப் பார்த்து எண்ணெயின் இலக்கை மாற்றும் ஏற்பாடும் உண்டு. குட்இயரிடம் இருந்த சென்சார்கள் இரண்டு: கண், மூக்கு.

மறுபடியும் அவரிடம் வருவோம். பேடன்ட் வந்ததும் வாழ்க்கை மாறியிருக்கும் என்று நினைப்பீங்க. எல்லாரும் திருடிச் செய்ய ஆரம்பித்தாங்க. ஹோரஸ் டே என்பவருக்கு எதிரான வழக்கு 1852இல் டிரென்டனில் நடந்தது. குட்இயர் தரப்புக்கு வாதாடியவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டர், அவருக்குப் பேசிய கூலி 15,000 டாலர். வழக்கு ஜெயித்தது. அந்த ஒரு வழக்கில் வக்கீலுக்குக் கிடைத்த பணத்தை குட்இயர் சேர்ந்தாற்போல் எப்போதாவது கையில் வைத்திருந்தாரா என்பது சந்தேகம்தான். வந்த பணத்தையும் அவர் நிறுத்தி வைக்கவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் நாற்காலி முதல் நகை வரை எல்லாம் ரப்பரால் செய்து அடுக்க 30,000 டாலர் செலவழித்தார். தொப்பி, கோட்டு, ஏன் தன் புத்தகத்தின் சில பிரதிகளைக்கூட ரப்பரிலேயே செய்தவர் இவர்.

கிளாரிசா 1853இல் லண்டனில் இறந்தார். அடுத்த வருஷம் ஃபேனி வார்டெல் என்பவரை மணந்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் மறுபடியும் பெரிய செலவு. அவருடைய பிரெஞ்சு உரிமை செல்லாது என்று ஆனதும் வரவேண்டிய பணம் நின்றது, கடன்காரங்க பிடித்து ஜெயிலில் போட்டாங்க. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்த லீஜன் ஆஃப் ஆனர் பதக்கம் அவர் கைக்கு வந்தபோது அவர் கம்பிக்குள்தான் இருந்தார்.

1860 கோடையில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. பார்க்கக் கிளம்பி நியூயார்க் வந்து இறங்கினார். மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. அவரும் படுத்துவிட்டார். ஜூலை 1 அன்று ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் இறந்தார். வயது 59. விட்டுப்போன கடன் ஏறக்குறைய 2,00,000 டாலர்.